புதிய பதிப்பும் பழைய உழைப்பும்: முடிவுள்ள மூலகப் பகுப்பாய்வு மென்பொருள்கள் பற்றிய சில குறிப்புகள்

1

இலக்கிய ஆய்வில் ஈடுபட்டுள்ள நாம் பொறியியல் மென்பொருள்களின் வளர்ச்சி பற்றி எழுதப்புகுவது வாசகர் சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். கருவிகளின் வரலாறு, அவற்றை ஆக்கியோரும் பயன்படுத்துவோரும் கொண்டிருந்த சமூக உறவுகளின் வரலாறுமாகும் என்று நாம் கருதுகிறோம். இக்கருத்தை இலக்கியத்துக்கு மட்டும் பொருத்திப் பார்த்துவிட்டுத் தொழினுட்பத்தை அதன் புறத்தே நிறுத்துதல் பொருந்தாது. இதற்கு வேறொரு காரணமும் உண்டு. உயர்தர வகுப்புவரை கணிதத்தையும் பௌதிகத்தையும் தமிழிற் கற்கும் எமது மாணவர், பொறியியற் பீடத்துள் நுழைந்ததும் ஆங்கிலத்திலேயே கற்கின்றனர். இதன் விளைவாக, இன்றைய பொறியியலின் அடிப்படைக் கருவிகள் பற்றிய விவாதம் தமிழில் அரிதாகவே நிகழ்கிறது.

பாலம், அணை, விமானச் சிறகு, மோட்டார் வாகனம், செயற்கை மூட்டு ஆகிய எதனை வடிவமைப்பினும், அது சுமையைத் தாங்குமா என அறியப் பொறியியலாளர் இன்று பெரிதும் நம்பியிருப்பது முடிவுள்ள மூலகப் பகுப்பாய்வு எனும் கணிப்பு முறையையே. இம்முறையைக் கணினியில் நிகழ்த்தும் மென்பொருள்கள் குறித்த கால இடைவெளிகளிற் புதிய பதிப்புகளாக வெளிவருகின்றன. ஒவ்வொரு பதிப்புடனும் அதன் புதிய அம்சங்களை விவரிக்கும் குறிப்பேடு ஒன்றும் வருகின்றது. அத்தகைய குறிப்பேடுகள் சிலவற்றை, ஏனைய பனுவல்களை வாசிப்பதுபோலவே நாம் வாசித்தோம். முதலில் எமது கவனத்தை ஈர்த்தது அவற்றின் வாக்கிய அமைப்பாகும். பெரும்பாலான வாக்கியங்களில் எழுவாயாக நிற்பது மென்பொருளே. வலை தானாகவே அமைகின்றது. தொடுகைகள் தானாகவே கண்டறியப்படுகின்றன. தீர்வு முன்னையிலும் விரைவாகக் கிட்டுகின்றது. முன்பு இவற்றைச் செய்தவர் யார், அவர் எதனை அறிந்திருந்தார் என்பதற்கு அவ்வாக்கியங்களில் இடமில்லை.

எனவே இக்கட்டுரையில் நாம் இரு வினாக்களை எழுப்ப விரும்புகிறோம். புதிய அம்சம் எனப்படுவது, அதுவரை மனிதர் செய்துவந்த எந்தத் தீர்மானத்தைக் கருவிக்குள் இடம்மாற்றுகின்றது? அத்தீர்மானம் பிழைக்கும்போது அதனைக் கண்டுகொள்ளும் ஆற்றல் யாரிடம் எஞ்சுகின்றது?

2

முதலில் முறையைச் சுருங்க விளக்குதல் அவசியம். சுமைக்கு உட்பட்ட ஒரு பொருளின் ஒவ்வொரு புள்ளியிலும் ஏற்படும் இடப்பெயர்ச்சியையும் தகைப்பையும் பகுதி வகையீட்டுச் சமன்பாடுகள் விவரிக்கின்றன. எளிய உருவங்களுக்கு அவற்றை நேரடியாகத் தீர்த்துவிடலாம். அணை, விமானச் சிறகு போன்ற சிக்கலான உருவங்களுக்கு அவ்வாறு தீர்த்தல் இயலாது. ஆகவே பொருள் முழுவதும் முக்கோணம், நாற்கோணம், செங்கல் போன்ற எளிய வடிவுடைய சிறு துண்டுகளாகக் கற்பனையிற் பிரிக்கப்படுகின்றது. இத்துண்டுகளே மூலகங்கள், அவை ஒன்றோடொன்று இணையும் புள்ளிகள் கணுக்கள், இவை அனைத்தும் சேர்ந்தது வலை. ஒவ்வொரு மூலகத்தினுள்ளும் இடப்பெயர்ச்சி ஓர் எளிய கணிதக் கோவைக்கு அமைய மாறுவதாகக் கொள்ளப்படும். பின்னர் எல்லா மூலகங்களின் விறைப்பும் ஒரு பெருந்தாயத்தில் ஒன்றுசேர்க்கப்பட்டு, இலட்சக்கணக்கிலும் சில வேளை கோடிக்கணக்கிலும் அமையும் எளிய சமன்பாடுகளாகக் கணினியால் தீர்க்கப்படும்.

இங்கு ஓர் உண்மை மனங்கொள்ளத்தக்கது. கணினி முதலிற் காண்பது இடப்பெயர்ச்சியை. தகைப்பு அதிலிருந்து வகையிடுதல்மூலம் பின்னரே பெறப்படுகின்றது. ஆதலால் வலை பருமனாகவோ மூலகங்கள் கோணலாகவோ இருப்பின், இடப்பெயர்ச்சி ஓரளவு சரியாக வந்தபோதிலும் தகைப்பு பெரிதும் பிழைக்கக்கூடும். வலையை எங்கே நெருக்கமாக்குவது, எங்கே ஐதாக விடுவது என்பது பொருளின் இயல்பை அறிந்தவரின் தீர்மானமாகவே நெடுங்காலம் இருந்துவந்தது.

இம்முறை தனியொரு மேதையின் கண்டுபிடிப்பன்று. கணிதவியலாளர் கூரன்ற் 1943இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் முக்கோணத் துண்டுகளைக் கொண்டு முறுக்கற் பிரச்சினையொன்றை அணுகியிருந்தார். 1950களின் தொடக்கத்தில் போயிங் விமான நிறுவனம் முக்கோண வடிவச் சிறகுகளை ஆராய்ந்தபோது, உத்திரங்களுக்கென உருவான பழைய முறைகள் போதாமற் போயின. அத்தேவையிலிருந்து எழுந்ததே ரேணர், கிளஃப், மார்ட்டின், ரொப் ஆகிய நால்வரும் 1956இல் வெளியிட்ட கட்டுரை. இவர்களுள் கிளஃப் 1956-57இல் நோர்வேயின் துரொண்டெய்ம் நகரில் தங்கி இச்சிந்தனையைத் தொடர்ந்தார். முறைக்கு இன்றைய பெயரை 1960இல் வழங்கியவரும் அவரே. மறுபுறம் சீனாவில் ஃபெங் காங் என்பவர், மஞ்சள் ஆற்றின் லியூஜியாசியா அணை தொடர்பான கணிப்புகளில் ஈடுபட்ட அனுபவத்தின் வழி, மேற்குலக ஆய்வுகளைச் சாராமலே இம்முறையை அடைந்து 1965இல் வெளியிட்டார். ஒன்று குளிர்யுத்தகால விமானக் கைத்தொழிலின் தேவை; மற்றையது திட்டமிட்ட பொருளாதாரத்தின் நீர்வலுத் தேவை. வேறுபட்ட இரு சமூக அமைப்புகளில் ஒரே கணித வடிவம் தோன்றியமைக்கு, உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சி இரண்டிடத்தும் ஒத்த பிரச்சினையை முன்வைத்தமையே காரணம் எனலாம்.

3

கருவி மனிதரின் தீர்மானத்தை ஏற்றுக்கொள்ளும்போது நேரக்கூடியதை 1991இல் நோர்வேயில் நிகழ்ந்த ஒரு விபத்து தெளிவாகக் காட்டுகின்றது. அதனைச் சற்று விரிவாக நோக்குதல் பயன்தரும்.

வடகடலில் 82 மீற்றர் ஆழத்தில் நிறுத்தப்படவிருந்த ஸ்லைப்னர் ஏ என்னும் எண்ணெய், எரிவாயு மேடையின் அடித்தளம் கொங்கிறீற்றினால் ஆனது. 24 உருளை அறைகள் ஒன்றையொன்று தொட்டுநிற்க, அவற்றுள் நான்கு மேல்நோக்கி நீண்டு மேற்றளத்தைத் தாங்கும் தூண்களாக அமைந்தன. மேற்றளத்தின் நிறை 57,000 தொன்; ஏறத்தாழ 200 பேர் தங்குவதற்கான வசதி அதில் இருந்தது. உருளைகள் சந்திக்கும் இடங்களில் முக்கோண வடிவான சிறு வெளிகள் உண்டாயின. இவை கடலுக்குத் திறந்திருந்தமையால், ஆழத்தின் நீரமுக்கம் முழுவதும் அவற்றின் சுவர்களிற் பதிந்தது.

1991 ஓகஸ்ட் 23ஆம் திகதி, மேற்றளத்தைப் பொருத்துவதற்கு முன்னோடியாக, ஸ்தவாங்கர் நகருக்கு அண்மையிலுள்ள குடாவில் அடித்தளத்தை நீர்நிரப்பி ஆழ்த்தும் பணி நடைபெற்றது. ஏறத்தாழ 65 மீற்றர் ஆழத்தில் முக்கோண வெளியொன்றின் சுவர் பிளந்தது. உட்பாய்ந்த நீரை இறைத்து வெளியேற்ற முடியவில்லை. பணியாளர் வெளியேறியபின் அடித்தளம் முழுவதும் மூழ்கிக் குடாவின் அடியில் நொறுங்கியது. அவ்வதிர்ச்சி 3.0 அளவான நிலநடுக்கமாகப் பதிவாகியது. உயிரிழப்பு ஏற்படாதபோதும், பொருளாதார இழப்பு ஏறத்தாழ 700 மில்லியன் டொலர் என மதிப்பிடப்பட்டது.

விசாரணையை மேற்கொண்டது துரொண்டெய்மிலுள்ள சின்ரெவ் ஆய்வு நிறுவனம். கிளஃப் முப்பத்தைந்து ஆண்டுகளுக்குமுன் தங்கிச் சிந்தித்த அதே நகரம். அவ்விசாரணை இரு குறைகளைச் சுட்டியது. ஒன்று, நாஸ்ட்ரான் மென்பொருளைக் கொண்டு செய்யப்பட்ட பகுப்பாய்வில் முக்கோண வெளியின் சுவர்களிலுள்ள கொய்வுத் தகைப்பு 47 சதவீதம் குறைவாக மதிப்பிடப்பட்டிருந்தது. கொய்வு எனப்படுவது ஒரு பகுதியை அதனையடுத்த பகுதிமீது வழுக்கச்செய்து அறுக்க முனையும் விளைவாகும். மற்றையது, அவ்விடத்துச் சந்திகளில் இரும்புக் கம்பிகள் போதிய அளவு உட்சென்று பிடிப்புக் கொள்ளவில்லை. முதற்குறையினாற் சுவர்கள் மெலிந்தன. இரண்டாவது குறையினால் மெலிந்த சுவர் காப்பற்றதாயிற்று.

மென்பொருள் சமன்பாடுகளைப் பிழையாகத் தீர்க்கவில்லை என்பது இங்கு முக்கியமானது. தன்னிடம் தரப்பட்ட வலைக்கு உரிய விடையையே அது தந்தது. அவ்வலையோ, தகைப்பு விரைந்து மாறும் சந்தியருகே பருமனாகவும் கோணலாகவும் இருந்தது. சில புள்ளிகளிற் கிடைத்த பெறுமானங்களைக் கொண்டு சுவரின் ஓரத்துப் பெறுமானத்தை ஊகித்த படிமுறை அப்பிழையைப் பெருக்கியது. விபத்தின்பின் நுணுக்கமான வலையுடன் செய்யப்பட்ட பகுப்பாய்வு, சுவர் 62 மீற்றர் ஆழத்திற் பிளக்கும் என எதிர்வுகூறியது. உண்மையிற் பிளந்தது 65 மீற்றரில். முறையின் வலிமையும், அதனைப் பயன்படுத்திய விதத்தின் பலவீனமும் இவ்விரு எண்களில் ஒருங்கே வெளிப்படுகின்றன.

இப்பிழையை வேறு வழியாலும் கண்டிருக்கலாம். உயர்தர வகுப்பு மாணவர் செய்யக்கூடிய கணிப்பொன்றை உதாரணமாகத் தருவோம். 65 மீற்றர் ஆழத்திற் கடல்நீரின் அமுக்கம் ஏறத்தாழ 650 கிலோபாஸ்கல். சுவரொன்றின் அகலம் 4 மீற்றர் எனக் கொள்வோமாயின், ஒரு மீற்றர் உயரத்துக்கு அதன்மேற் பதியும் மொத்த விசை 2,600 கிலோநியூற்றன். அதன் பாதியை, அதாவது 1,300 கிலோநியூற்றனை, ஒவ்வோர் ஓரமும் தாங்கவேண்டும். கணினி தரும் விடை இதன் பாதியளவாகவே இருப்பின், ஏதோ பிழைத்துவிட்டது என்பது வெளிப்படை. இக்கணிப்புக்கு ஒரு தாளும் பென்சிலும் போதும். எனினும் ஆயிரக்கணக்கான எண்களை ஒழுங்காக அச்சிட்டுத் தரும் கருவியின் முன்னால், அத்தாளை எடுக்கவேண்டும் என்ற எண்ணமே எழாமற் போய்விடுகின்றது.

அதன்பின் நடந்தது இன்னும் சிந்தனைக்குரியது. மாற்று அடித்தளமொன்று விரைவாகத் தேவைப்பட்டது. ஒவ்வொரு நாட் தாமதமும் பெரும் இழப்பாக இருந்தது. புதிய கணினிப் பகுப்பாய்வுக்காகக் காத்திராமல், 1970களில் இவ்வகையின் முதல் மேடைகளை வடிவமைக்கப் பயன்பட்ட கைக்கணிப்பு முறைகளைக் கொண்டே வடிவமைப்பு மேற்கொள்ளப்பட்டது. கணினியின் முடிவுகள் வந்து சேர்ந்தபோது கட்டுமானத்தின் பெரும்பகுதி நிறைவேறியிருந்தது. 1993 ஏப்ரலில் அவ்வடித்தளம் மேற்றளத்துடன் இணைக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு முந்திய அவ்வறிவு அந்நிறுவனத்தில் அழியாதிருந்தமையாலேயே இது சாத்தியமாயிற்று. இன்னும் இருபது ஆண்டுகள் கழித்து இதே விபத்து நேர்ந்திருப்பின், அவ்வறிவு எவரிடம் எஞ்சியிருந்திருக்கும்?

4

மேற்கூறியவற்றைக் கொண்டு நாம் கருவியை வெறுப்பதாகக் கொள்ளலாகாது. மோதலின்போது வாகனத்தின் உடல் நசுங்கும் விதத்தையோ, வெப்பமும் சுழற்சியும் ஒருங்கே தாக்கும் விசையாழி அலகின் தகைப்பையோ கையாற் கணித்துவிட முடியாது. ஆகவே புதிய அம்சங்களை ஒட்டுமொத்தமாக ஏற்பதும் ஒட்டுமொத்தமாக மறுப்பதும் ஒருசேரத் தவறானவை. அவற்றை வகைப்படுத்தி நோக்குதலே தக்கது.

முதலாவது வகை, பயனாளரின் ஐயத்தை அளந்து காட்டும் அம்சங்கள். சின்கீவிச், சூ ஆகிய இருவரும் 1987இல் வெளியிட்ட பிழை மதிப்பீட்டு முறை இதற்குச் சிறந்த உதாரணமாகும். மூலகத்துக்கு மூலகம் துண்டுபட்டுத் தாவும் தகைப்பையும், சீராக்கப்பட்ட தகைப்பையும் ஒப்பிட்டு, விடையில் எங்கே எவ்வளவு பிழை இருக்கக்கூடும் என்பதை அது மதிப்பிடுகின்றது. பிழை மிகுந்த இடத்தில் வலையை மேலும் நெருக்கமாக்கித் திரும்பத் தீர்க்கும் வழி இதனாற் பிறந்தது. ஸ்லைப்னர் மூழ்குவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே இக்கருத்து அச்சிலிருந்தது என்பதும் கருதத்தக்கது. அறிவு வெளியாவதற்கும் அது உற்பத்தித் தளத்தில் வழக்கமாவதற்கும் இடையிலுள்ள தூரத்தைக் கணிதம் மட்டும் தீர்மானிப்பதில்லை.

இரண்டாவது வகை, முன்பு அணுகவே இயலாதிருந்தவற்றை அணுகச்செய்யும் அம்சங்கள். விரிசல் வளரும் திசைக்கேற்ப வலையைத் திரும்பத்திரும்ப அமைக்கவேண்டிய தொல்லையை நீக்கும் விரிவாக்கப்பட்ட மூலக முறையைப் பெலிச்கோவும் அவரது குழுவினரும் 1999இல் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து வெளியிட்டனர். ஏறத்தாழப் பத்து ஆண்டுகளின்பின், 2009இல், அது அபாகஸ் மென்பொருளின் 6.9ஆம் பதிப்பிற் புதிய அம்சமாக இடம்பெற்றது. பல்கலைக்கழக ஆய்வின் விளைபொருள் விற்பனைப் பண்டத்தின் சிறப்பியல்பாக மாறும் வழமையான பாதை இது.

மூன்றாவது வகை, தீர்மானத்தையே கண்ணுக்குப் புலப்படாது ஆக்கும் அம்சங்கள். தானியங்கி வலையமைப்பு இதன் தொடக்கம். 2017இல் அன்சிஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய நேரலை முறை, வரைகலைச் செயலியின் விரைவைப் பயன்படுத்தி, வடிவத்தை மாற்றும் கணத்திலேயே தகைப்பைத் திரையிற் காட்டுகின்றது. வலை பயனாளரின் கண்ணிற் படுவதேயில்லை. தொடக்கநிலை வடிவமைப்பில் இதன் பயன் பெரிது. ஆயின் விரைவுக்காக நுணுக்கத்தில் விட்டுக்கொடுப்பு நிகழ்கின்றது. அதே நிறுவனம் 2024இல் வெளியிட்ட செயற்கை நுண்ணறிவுச் சேவை இன்னும் ஒரு படி சென்றுள்ளது. அங்கு சமன்பாடு தீர்க்கப்படுவதேயில்லை. முன்னர் தீர்க்கப்பட்ட பகுப்பாய்வுகளின் முடிவுகளைப் பயின்ற ஒரு வலைப்பின்னல், புதிய வடிவத்துக்குரிய விடையை ஊகித்துச் சொல்கின்றது.

மார்க்ஸ் 1857-58ஆம் ஆண்டுக் குறிப்பேடுகளில் இயந்திரத்தைச் சமூகத்தின் பொது அறிவு உறைந்த வடிவமாகக் கண்டமை இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. முன்னைய பொறியியலாளர் வலை வரைந்து, எல்லை நிபந்தனை தெரிந்து, சோதனையுடன் ஒப்பிட்டுத் திருத்திய உழைப்பே இன்று பயிற்சித் தரவு எனும் பெயரில் உறைந்துகிடக்கின்றது. அவ்விறந்த உழைப்பு உயிருள்ள உழைப்பின் இடத்தைப் பிடிக்கும்போது, பழைய தீர்மானங்களின் சரியுடன் அவற்றின் பிழையும் சேர்ந்தே தொடரும். மேலும், முன்னர் கண்ட வடிவங்களிலிருந்து விலகிய புதிய வடிவத்துக்கு அத்தகைய ஊகம் எவ்வளவு பொருந்தும் என்பதை, சமன்பாட்டைத் தீர்க்கத் தெரிந்த ஒருவரே சோதித்தல் கூடும்.

5

இறுதியாகக் கருவியின் உடைமை பற்றி நோக்கவேண்டும். நாஸ்ட்ரான் 1960களில் நாசாவின் பொதுப் பணத்தால் உருவாகி 1968இற் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் ஆக்கத்திற் பங்குகொண்ட எம்.எஸ்.சி. நிறுவனம் 1971 முதல் அதன் வணிகப் பதிப்பை விற்றது. 1999இல் அந்நிறுவனம் நாஸ்ட்ரானின் வேறு பதிப்புகளை விற்ற இரு போட்டி நிறுவனங்களை வாங்கியது. போட்டி ஒழிக்கப்பட்டதாக 2001இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு குற்றஞ்சாட்டியது. 2002இல் ஏற்பட்ட இணக்கத்தின்படி, மென்பொருளின் பிரதியை மூலநிரலுடன் பிறருக்கு வழங்க அது உடன்படவேண்டியதாயிற்று. டைனா என்னும் மோதற் பகுப்பாய்வு மென்பொருளும் 1976இல் லோரன்ஸ் லிவர்மோர் அரச ஆய்வுகூடத்திற் பிறந்ததே. அதனை ஆக்கிய ஹோல்குவிஸ்ற் பின்னர் தனி நிறுவனம் அமைத்தார். அந்நிறுவனத்தை 2019இல் அன்சிஸ் வாங்கியது. அன்சிஸ் நிறுவனத்தையே 2025இல் சினொப்சிஸ் ஏறத்தாழ 35 பில்லியன் டொலருக்கு வாங்கியது. அதே ஆண்டில் ஓல்ரயர் நிறுவனம் சீமன்சின் வசமாயிற்று. பொதுப் பணத்தினாலும் பல்கலைக்கழக ஆய்வினாலும் வளர்ந்த அறிவு, விரல்விட்டு எண்ணத்தக்க சில நிறுவனங்களிடம் குவிவதை இவ்வாண்டுகளின் வரிசை காட்டுகின்றது.

மாணவர்க்கென இலவசமாகத் தரப்படும் வணிகப் பதிப்புகளிற் கணுக்களின் எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்கப்படுவது வழக்கம். வலையை நெருக்கமாக்கி விடை நிலைபெறுகின்றதா எனச் சோதிக்கும் பயிற்சிக்கே இவ்வரம்பு ஒரு கட்டத்தில் இடையூறாகின்றது. மாற்று வழிகள் இல்லாமலில்லை. பிரான்சின் மின்சார நிறுவனம் 1989 முதல் உருவாக்கிவந்த கோட் ஆஸ்டர் மென்பொருளை 2001இல் திறந்த உரிமத்தின்கீழ் வெளியிட்டது. ஜெர்மனியில் விமான எந்திரப் பொறியியலாளர் இருவர் ஆக்கிய கல்குலிக்ஸ் மென்பொருளும் அவ்வாறே மூலநிரலுடன் கிடைக்கின்றது. இவை பயில்வதற்குச் சற்றுக் கடினமானவை. எனினும் உள்ளே நிகழ்வதைத் திறந்து பார்க்கலாம் என்பது கல்வி நிலையங்களுக்குச் சிறு பயனன்று.

பதிப்பு என்ற சொல் எமது துறைக்கும் உரியது. ஏட்டுச்சுவடியைப் பதிப்பிக்கும் பொறுப்புள்ள பதிப்பாசிரியர் தாம் கொண்ட பாடத்தைத் தருவதோடு, கொள்ளாத பாடபேதங்களையும் அடிக்குறிப்பிற் காட்டுவார். அதனால் அவரது தீர்மானத்தை வாசகர் மீண்டும் சோதிக்க முடிகின்றது. பொறியியல் மென்பொருளின் புதிய பதிப்பிடமும் நாம் எதிர்பார்ப்பது இத்தகைய நேர்மையையே. எந்த வலை கொள்ளப்பட்டது, வேறு வலைகள் என்ன விடை தந்தன, எவ்வளவு பிழைக்கு இடமுண்டு என்பவை விடையுடன் சேர்த்துக் காட்டப்படல் வேண்டும்.

புதிய அம்சமொன்று வரும்போது பொறியியல் மாணவரும் ஆசிரியரும் மூன்று வினாக்களைக் கேட்பது நலம் என்பது எமது கருத்து. இது எவருடைய எந்தத் தீர்மானத்தை ஏற்றுக்கொள்கின்றது? அத்தீர்மானத்தை வேறொரு வழியாற் சரிபார்க்க எமக்கு இன்னும் தெரியுமா? அவ்வாறு சரிபார்ப்பதற்கு வேண்டிய நேரமும் உரிமையும் பணியிடத்தில் எமக்கு உண்டா? மூன்றாவது வினாவுக்குரிய விடை மென்பொருளில் இல்லை. விரைவாகக் கிடைத்த விடையினால் மிஞ்சிய நேரம் சரிபார்ப்பதற்குச் செல்கின்றதா, அல்லது பணியாளர் தொகையைக் குறைப்பதற்குச் செல்கின்றதா என்பதை உற்பத்தி உறவுகளே தீர்மானிக்கின்றன. எனவே அவ்வினாவை வகுப்பறையிலும் தொழிற்சங்கத்திலும் எழுப்பவேண்டியவர் பொறியியலாளரே. 65 மீற்றர் ஆழத்துச் சுவருக்கான அந்த எளிய கணிப்பைக் கையாற் செய்யக்கூடிய மாணவரை எமது பீடங்கள் தொடர்ந்து உருவாக்குமாயின், எந்தப் புதிய பதிப்பையும் அவர்கள் அச்சமின்றி வரவேற்கலாம்.